பச்சைப் பெயிண்டுக்குள் ஒரு தேக்கு நாற்காலி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்தால் கண் முதலில் போவது தூண்களுக்கும் நிலைக்கதவுகளுக்கும்தான். மதுரையில் எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் இடம் ஏது? நானும் கணவரும் தேடிப் போவது, கடையின் பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நாற்காலிகளை. இந்த முறை கிடைத்தது பச்சை எனாமல் பூசிய, கைவைத்த நாற்காலி. உட்காரும் இடத்தில் பிரம்பு அறுந்து போயிருந்தது. அதன்மேல் ஒரு பிளைவுட் பலகையை வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.

புரட்டிப் பார்த்துத்தான் வாங்கினோம். மேலே எத்தனை கோட் பெயிண்ட் ஏறியிருந்தாலும் அடிப்பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் பூசுவதில்லை. அங்கே லேசாகச் சுரண்டினால் பொன் பழுப்பு நிறமும் தேக்குக்கே உரிய எண்ணெய் வாசனையும். வைரம் பாய்ந்த கட்டை. ஓரத்தில் பூச்சித் துளைகள் இருந்தன, ஆனால் தட்டியபோது மாவு கொட்டவில்லை. புது மாவு கொட்டினால் உள்ளே பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நாங்கள் எடுப்பதில்லை.

பெயிண்டை எடுப்பதில் மட்டும் அவசரமே கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பவில்லை. மொட்டைமாடியில் வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, பெயிண்ட் ரிமூவர் தடவினோம். சுருங்கி எழும்பியதும் மழுங்கிய தகட்டால் வழித்துச் செய்தித்தாளில் சேர்த்துக் கட்டினோம். பெயிண்ட் தோல் உரிவதுபோல வந்தது. அடியில் பழைய பாலிஷ் இருந்ததுதான் காரணம். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அவர் அதில் தேய்த்தார். பஞ்சு பழுப்பாகி விரலில் பிசுபிசுத்தது. அரக்கு! பலாசு, குசும் போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பது அது. இன்றைக்கும் நம் நாட்டு அரக்கில் பெரும்பங்கு ஜார்க்கண்டிலிருந்து வருகிறது. கிராமபோன் இசைத்தட்டுகளுக்கும் ஒரு காலத்தில் இதுவே மூலப்பொருள்.

பின்கால் மூட்டு ஆடிக்கொண்டிருந்தது. வெந்நீரில் நனைத்த துணியை மூட்டைச் சுற்றி வைத்து, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் மெல்லத் தட்டியதும் பிரிந்து வந்தது. உள்ளே வஜ்ஜிரம், அதாவது மாட்டுத்தோலிலிருந்து காய்ச்சும் பழைய பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். திரும்ப ஒட்டும்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். அவர் ஃபெவிகால் போதும் என்றார். “ஏங்க, மறுபடி பிரிக்க வேண்டி வந்தா மரத்தையே உடைக்கணுமே?” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரிம்மா, வஜ்ஜிரமே வாங்கலாம்” என்றார். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து இளக்கினோம். கொதிக்கவிட்டால் பசையின் பலம் போய்விடும், 60 டிகிரி சூடே போதும். வாடை கொஞ்சம் இருக்கும்தான். அப்புறம் கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, இறுக்கி வைத்துவிட்டோம்.

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது பிரம்புப் பின்னல். அரசு அலுவலக நாற்காலிகளைப் பின்னி ஓய்வுபெற்ற, பார்வையற்ற பெரியவர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். பிரம்பு பனைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. பின்னுவதற்கு எடுப்பது அதன் மேல்தோலைச் சீவிய பட்டை. இருபது நிமிடம்போல ஊறவைத்தால் ஒடியாமல் வளையும். வழவழப்பான பக்கம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். முதலில், உட்காரும் சட்டத்தைச் சுற்றியுள்ள துளைகளில் கோத்து, முன்னிருந்து பின்னாக ஒரு வரிசை. அதன்மேல் குறுக்கே ஒரு வரிசை. மறுபடியும் முன்னிருந்து பின்னாக, அதே துளைகளில், முதல் வரிசைக்குச் சற்றே பக்கவாட்டில் ஒதுங்கி. இதுவரைக்கும் பின்னலே கிடையாது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். நான்காவது வரிசையில்தான் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கோத்து வாங்க வேண்டும். அது முடிந்ததும் தொய்வாகக் கிடந்தது முழுக்க விறைத்து நின்றது.

அடுத்தது இரண்டு மூலைவாட்டு வரிசைகள். அங்கே எனக்குப் பட்டை முரண்டு பிடித்தது. பெரியவர் விரல் நுனியால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். “இழுக்காதீங்கம்மா, அதுவா வழுக்கிட்டுப் போகணும். சிக்குச்சுன்னா மேலே போக வேண்டியது கீழே போயிருக்கு” என்றார். திருப்பிக் கோத்ததும் பட்டை குறுக்குச் சந்துகளின் மூலையில் போய்ப் படிந்துகொண்டது. இரண்டாவது மூலைவாட்டும் முடிந்தபோதுதான் அந்த எட்டுமூலைக் கண்கள் தெரிய ஆரம்பித்தன. காய்ந்தபின் விரலால் சுண்டினால் டங்கென்று ஒலிக்கிறது. இவ்வளவு கணக்குள்ள கைவேலையை மறைத்துப் பிளைவுட் அடிக்க எப்படித்தான் மனசு வந்ததோ!

இடையில் சின்னச் சின்ன வேலைகளும் நடந்தன. அதே கடையில் தனியாகக் கிடந்த கடைசல் கால் ஒன்றை அவர் மேசை விளக்குக்குத் தண்டாக்கினார். ஒயர் போக நடுவில் நீளத் துளை போடுவதை மட்டும் கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்துகொண்டோம். என் மாமியாரின் கிழிந்த கண்டாங்கிச் சேலையில் கரை நன்றாகவே இருந்தது. கட்டம்போட்ட உடல்பகுதியை வைத்து முதுகுத் திண்டுக்கு உறை தைத்து, கரையை நடுவில் ஓடவிட்டிருக்கிறேன்.

நாற்காலிக்கு இனி பாலிஷ்தான் பாக்கி. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அரக்குச் செதில் என்ற கணக்கில் கரைத்து, வடிகட்டி வைத்தாயிற்று. புது அரக்கு பழைய அரக்கைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு அதோடே ஒன்றிவிடும் என்பதால் பழைய பூச்சை முழுவதும் எடுக்கவில்லை, அழுக்கை மட்டும் துடைத்தோம். சூடான காபி டம்ளரை நேராக வைத்தால் இதில் வெள்ளை வளையம் விழும். அது தெரிந்தேதான் அரக்கைத் தேர்ந்தெடுத்தோம். கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாமே. இப்போது ஐப்பசி மழை. காற்றில் ஈரம் இருக்கும்போது பூசினால் அரக்கு வெளுத்துவிடும், அதனால் வெயில் வரட்டும் என்று காத்திருக்கிறோம். அதற்குள் துளைகளை மூடும் ஓரப்பட்டையைக் கட்டி முடித்துவிடுவேன். இடது பக்கம் முடிந்துவிட்டது.