நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பத்து விநாடி

ஒரு நடிகர் இருநூறு பேரோடு தனித்தனியே நின்று படம் எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஒருக்கால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்குப் பத்து விநாடி. ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏற இன்னும் ஐந்து விநாடி. மொத்தம் ஐம்பது நிமிடம், அதுவும் ஒருவர்கூட போனைத் தட்டித் தட்டித் தேடாமல் இருந்தால். இந்தப் பத்து விநாடியை வைத்துத்தான் "சரியான தலைக்கனம்" என்றும் "தங்கமான மனுசன்" என்றும் நாங்கள் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறோம். அந்த மனிதரின் குணத்துக்கும் அந்தப் பத்து விநாடிக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. எங்கே நின்றீர்கள், எப்போது கேட்டீர்கள் என்பதுதான் முக்கால்வாசியைத் தீர்மானிக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த மூன்று கசப்பான சம்பவங்களை எடுப்போம். 2018இல் மதுரையில் திறப்பு விழா ஒன்றுக்கு வந்த சிவகுமார், செல்பி எடுக்க நீட்டிய இளைஞனின் போனைத் தட்டிவிட்டார். பிறகு வருத்தம் தெரிவித்தார், அந்தப் பெடியனுக்குப் புதுப் போனும் கிடைத்தது. அதே ஆண்டு டெல்லியில், தேசிய விருது வாங்க வந்த ஜேசுதாஸ், செல்பி எடுத்தவரின் போனை வாங்கிப் படத்தை அழித்தார். 2021 ஏப்ரல் 6ஆம் திகதி, கொரோனாக் காலத்தில், திருவான்மியூர் வாக்குச்சாவடியில் அஜித் ஒருவரின் போனைப் பறித்துவிட்டுப் பிறகு திருப்பிக் கொடுத்தார். மூவரும் மூன்று விதமான மனிதர்கள். ஆனால் மூன்று இடத்திலும் நடந்தது ஒன்றுதான்: வேறொரு அலுவலாக வந்த ஆளிடம், கேட்காமல், கிட்டப் போய்ப் போன் நீட்டப்பட்டது.

ஆகவே, நடந்துகொண்டிருக்கிற ஆளைப் படம் எடுக்கப் போகாதீர்கள். நடக்கும்போது அவருடைய கண் அடுத்த கதவில் இருக்கும், பாதுகாப்புக்கு வருபவரின் கை முதுகில் இருக்கும். பக்கவாட்டில் இருந்து வருகிற கை என்ன கை என்று அவருக்குத் தெரியாது. அவர் நிற்கப்போகிற இடத்தை முதலே பார்த்து வையுங்கள். வாகனக் கதவுக்கு முன்னால் நிற்காமல், கதவுக்கு ஐந்தாறு அடி தள்ளி, அவர் வருகிற திசையைப் பார்த்தபடி, இரண்டு கையும் தெரிகிற மாதிரி நில்லுங்கள். போன் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். கண் சந்தித்தால் மட்டும் "ஒரு படம் எடுக்கலாமோ?" என்று கேளுங்கள். அவர் தலையை ஆட்டிய பிறகு போனை உயர்த்துங்கள். இல்லை என்றால் "நன்றி, சுகமாய்ப் போட்டு வாங்கோ" என்று ஒதுங்கிவிடுங்கள். அப்படி ஒதுங்கியவரைத் திரும்ப வரும்போது அடையாளம் கண்டு கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நல்ல சந்திப்புகளுக்குள்ளும் ஒரு ஒழுங்கு இருக்கும். 2017 மே மாதத்தில் ரஜினிகாந்த் கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில் ரசிகர்களோடு படம் எடுத்தார். மாவட்டம் மாவட்டமாய், முதலே அனுமதி அட்டை கொடுத்து, வரிசையில். ஒருவருக்குக் கிடைத்தது சில விநாடிதான், ஆனாலும் அவை முழுதாய் அவருடையவை. 2020 பெப்ரவரியில் நெய்வேலியில் விஜய் செய்தது வேறு வழி. படப்பிடிப்புத் தளத்துக்கு வெளியே திரண்டிருந்த பெருங்கூட்டத்தோடு தனித்தனியே நிற்க வழியே இல்லை. வாகனத்தின் மேல் ஏறி, எல்லோரையும் சேர்த்து ஒரே ஒரு செல்பி எடுத்தார். அன்று அங்கே நின்ற ஒவ்வொருவரும் அதைத் தன்னுடைய படம் என்று சொல்லலாம். ஒழுங்கமைப்பாளர்கள் இதைப் படித்தால் மனதில் வையுங்கள்: நேரம் போதாது என்று தெரிந்தால் வரிசையைத் திறந்துவிட்டுப் பாதியில் மூடாதீர்கள். உயரமான இடத்தில் ஏற்றி ஒரு பொதுப் படம் எடுக்க வையுங்கள். பாதியில் மூடிய வரிசையில் நூற்றோராவதாய் நின்ற பிள்ளையின் மனம் கன காலத்துக்கு ஆறாது.

இனி எங்கள் ஊரான யாழ்ப்பாணத்துக்கு வருவோம்.

2024 பெப்ரவரி 9ஆம் திகதி முற்றவெளி மைதானத்தில் பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி. தென்னிந்திய நடிகர்களும் வந்திருந்தார்கள். சனம் தடுப்புகளைத் தாண்டி முன்னுக்கு வந்து, நிகழ்ச்சியை இடையில் நிறுத்த வேண்டி வந்தது. அதன்பிறகு பல வாரங்களுக்கு "யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு ஒழுங்கு தெரியாது" என்றே கதை. எனக்கு அந்தக் கதையில் உடன்பாடு இல்லை. நல்லூர்க் கந்தசாமி கோயில் தேருக்கு வருகிற சனத்தைவிடவா அது பெரிய கூட்டம்? அங்கே எவர் எங்கே நிற்பது, எந்த வழியால் வெளிக்கிடுவது என்று எல்லோருக்கும் தெரியும். திறந்த வெளியில், மேடையின் முகமே தெரியாத தூரத்தில் சனத்தை மணித்தியாலக் கணக்காய் நிற்கவைத்து, நடுவில் ஆளுயரமும் இல்லாத இரும்பு வேலியை வைத்தால், அந்த வேலி தாங்காது. முன்வரிசைத் தடுப்பு என்பது, சாய்கிற ஆட்களின் பாரமே அதன் அடித்தட்டை அழுத்திப் பிடிக்கிற மாதிரி அமைந்ததாய் இருக்க வேண்டும். வீதித் தடுப்புக்கு வைக்கிற வேலி தள்ளினால் சரியும், சரிந்தால் அதன் கம்பிகளுக்குள் கால் மாட்டும்.

கூட்டத்துக்குள் போகிறவர்கள் ஒரு அளவை நினைவில் வையுங்கள். ஒரு சதுர மீற்றருக்குள் நாலு பேர் என்றால் இன்னும் திரும்பலாம். ஆறு பேரைத் தாண்டினால் நீங்கள் நடப்பதில்லை, கூட்டம் உங்களைக் கொண்டுபோகிறது. இரண்டு பக்கத்துத் தோளிலும் ஒரே நேரத்தில் ஆள் முட்டத் தொடங்கினாலே வெளியேறும் நேரம் வந்துவிட்டது. முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளாமல், தள்ளு ஓய்கிற இடைவெளி பார்த்துக் குறுக்குச் சாய்வாய் ஓரத்துக்கு நகருங்கள். முழங்கை மடித்து இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்திருங்கள். நெரிசலில் உயிர் போவது பெரும்பாலும் மிதிபட்டு என்று நினைக்கிறோம். நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்று போவதே அதிகம். விழுந்த போனைக் குனிந்து எடுக்காதீர்கள். 2025 செப்டெம்பர் 27ஆம் திகதி கரூரில் விஜயைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் 41 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் அடக்கம். பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னுக்குப் போகிற அப்பாக்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஓரத்தில் நில்லுங்கள். ஒலியைக் கட்டுப்படுத்துகிற மேசை நடுவில் இருக்கும். அதற்குப் பின்னால் நின்றால் பாட்டும் சுத்தமாய்க் கேட்கும், நெரிசலும் குறைவு.

உண்மையில் ஆறுதலாய்ச் சந்திக்க விரும்புகிறவருக்கு யாழ்ப்பாணத்தில் முற்றவெளியைவிட நல்ல இடங்கள் உண்டு. 2015இலிருந்து நடக்கிற யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழாவில், படம் முடிந்த பிறகு இயக்குநரோடு கேள்வி பதில் இருக்கும். அது முடிந்து அவர் வாசலுக்கு வருகிற ஐந்து நிமிடம், எந்தப் பெரிய நிகழ்ச்சியின் விலை கூடிய ரிக்கற்றும் தராத ஐந்து நிமிடம். பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கலாசார மையத்தின் அரங்கு 600 பேர் அளவில்தான் கொள்ளும். அந்த அளவு அரங்கில் மேடைக்கும் கதிரைக்கும் இடையே பேச்சு நடக்கும்.

நல்லூருக்கு வருகிற நட்சத்திரங்களை விட்டுவிடுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது, ஆண்கள் மேலாடை கழற்றித்தான் நிற்பார்கள். கும்பிட வந்த ஒருவரை அந்தக் கோலத்தில் ஒளித்து எடுத்துப் போடுவது பெரிய பிழை. பலாலி விமான நிலையமும் அப்படித்தான். சென்னையிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம் என்றாலும் அது விமானப்படைத் தளத்தோடு ஒட்டிய இடம், கூட்டம் போட ஏற்றதில்லை. கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடி வந்தவரை இரவு ஹோட்டல் வாசலில் மறித்தால் கிடைப்பது களைத்த முகம். அடுத்த நாள் ஒலிப்பரிசோதனை முடிகிற நேரம் பாருங்கள்.

கட்டணச் சந்திப்பு என்று ரிக்கற் விற்றால், காசு கொடுக்க முதல் எழுத்தில் கேளுங்கள். தனிப்படமா, ஐந்து பேர் சேர்ந்தா? யாருடைய கமரா, படம் எப்போது, எதன் மூலம் கைக்கு வரும்? நிகழ்ச்சிக்கு முன்னா, பின்னா? பின்னென்றால் பிந்திப் பிந்தி நள்ளிரவாகி இல்லாமல் போகிற வாய்ப்பு மிக அதிகம். முன்னென்றால் மட்டும் வாங்குங்கள் என்பேன். ரிக்கற்றைப் படம் எடுத்து வையுங்கள். 2023 செப்டெம்பர் 10ஆம் திகதி சென்னையில் ஏ.ஆர்.ரகுமானின் நிகழ்ச்சிக்கு ரிக்கற் வாங்கியும் உள்ளே போக முடியாமல் பலர் திரும்பினார்கள். ரிக்கற்றின் பிரதியை அனுப்பச் சொல்லித்தான் அவர் குறை கேட்டார். வட்சப்பில் நடிகரின் மேலாளர் என்று சொல்லி முன்பணம் கேட்பவரை நம்பவே வேண்டாம்.

படம் எடுக்க முதல் போனை ஆயத்தப்படுத்துவது வரிசையில் நிற்கும்போதே நடக்க வேண்டும். கமரா கண்ணாடியைச் சுத்தமான துணியால் துடையுங்கள், எங்கள் வெயிலில் கைவியர்வை படிந்து படம் புகையடித்த மாதிரி வரும். சேமிப்பில் இடம் இருக்கிறதா, திரை பூட்டாமல் இருக்கிறதா பாருங்கள். பின்பக்கக் கமராவைத் திறந்து போனைப் பின்னால் நிற்பவரிடம் கொடுத்து, அவருக்கு நீங்கள் எடுத்துக் கொடுப்பதாய்ப் பேசி வையுங்கள். செல்பியைவிட ஆயிரம் மடங்கு நல்லது, அருகில் நெருங்கி ஒட்டவும் தேவையில்லை. பின்னுக்கு எல்ஈடி திரை ஓடினால் முகம் கறுத்து, படம் கோடு கோடாய் விழும். திரைக்கு முதுகு காட்டாமல் ஒரு பக்கம் திரும்பி நில்லுங்கள். தோளில் கை போடாதீர்கள், அதுவும் நடிகைகள் என்றால் கை உங்கள் முன்னாலேயே இருக்கட்டும். விஜய் சேதுபதி ரசிகர்களுக்குக் கன்னத்தில் முத்தம் கொடுப்பார் என்றால் அது அவர் தருவது, நாங்கள் எடுப்பது இல்லை.

பேச ஒரு வசனம் போதும். "நான் உங்கட பெரிய ரசிகன்" என்பதை அவர் அன்றைக்கே நூறு தரம் கேட்டிருப்பார், "நன்றி" தவிர வேறு பதில் வராது. ஒரு காட்சியை, ஒரு சரணத்தை, ஒரு பந்துவீச்சைக் குறித்துச் சொல்லுங்கள். "அந்த இரண்டாவது சரணத்தில மூச்சு விடாமல் இழுத்தீங்களே" என்றால் பாடகர் நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பார். எங்கள் பேச்சு வேகம் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குப் பிடிபடாது, ஆறுதலாய்ச் சொல்லுங்கள். வீடியோவை ஓடவிட்டுப் போரைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் திடீரென்று கேட்கிற வேலை வேண்டாம். 2017இல் வவுனியாவில் வீடுகள் கையளிக்க வரவிருந்த ரஜினிகாந்த், தமிழ்நாட்டில் கிளம்பிய எதிர்ப்பால் பயணத்தையே கைவிட்டார். எங்கள் மண்ணுக்கு வருகிறவர்கள் எவ்வளவு யோசித்து வருகிறார்கள் என்பதற்கு அது ஒன்றே போதும்.

கையெழுத்துக்குப் பேனை கொண்டுபோங்கள், அவரிடம் இருக்காது. பளபளப்பான படத்தில் போல்பொயின்ற் வழுக்கும், அழியாத மார்க்கர் வேண்டும். கறுத்த அட்டைக்கு வெள்ளி நிறம். மூடியைக் கழற்றிக் கொடுங்கள். எழுதி முடிய ஒரு நிமிடமாவது மற்றத் தாள்களோடு சேர்க்காமல் காயவிடுங்கள். கிரிக்கெற் மட்டையின் முகத்தில் ஒட்டிய பிளாஸ்ரிக் தாளின்மேல் கையெழுத்து வாங்கினால் உரசி அழிந்துபோகும், வெறும் மரத்தில் வாங்குங்கள். லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணி விளையாடினாலும் ஆட்டங்கள் இங்கே நடப்பதில்லை, கொழும்புக்கோ தம்புள்ளைக்கோ போகவேண்டும். வீரர்கள் பேருந்தில் ஏறும் நேரத்தை விட்டு, பயிற்சி முடிந்து எல்லைக் கயிற்றோரம் வரும் நேரத்தைப் பாருங்கள்.

உங்கள் பெயரைத் துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்திலேயே செருகிக் கொடுங்கள். றஜீவன் என்று வாயால் சொன்னால் சென்னைக்காரர் ராஜீவன் என்றுதான் எழுதுவார். பிறகு காலம் முழுக்க அது வேறொருவரின் புத்தகம்.

பரிசு கொடுப்பதென்றால் பொன்னாடை வேண்டாம், மேடையிலேயே பத்துச் சேர்ந்திருக்கும். சமைத்த சாப்பாட்டை அவர்கள் பாதுகாப்புக்காகவே தொடமாட்டார்கள். நெல்லிரசப் போத்தல் கைப்பொதியில் விமானம் ஏறாது, 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் விடமாட்டார்கள். ஒரு பனங்கட்டிக் குட்டான், அதாவது சின்ன ஓலைப் பெட்டிக்குள் வைத்த பனைவெல்லம், போதும். கைக்குள் அடங்கும், ஓலை மணக்கும், இது எங்கள் பனையில் இருந்து வந்தது என்று ஒரு வரியில் சொல்லலாம். வெக்கையில் கசியும் என்பதால் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, அதற்குமேல் சின்னக் கடதாசிப் பையில் போட்டு, அவரிடம் நேரே திணிக்காமல் உதவியாளரிடம் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் படத்தை இரண்டு இடத்தில் சேமியுங்கள். கையெழுத்தைச் சூட்டில் லமினேற் செய்யாதீர்கள், மை பரவும். சட்டம் போட்டு வெயில் விழுகிற சுவரில் மாட்டினால் கையெழுத்து வெளிறத் தொடங்கும். மாரியில் சுவர் ஊறுகிற வீடென்றால் அமிலமில்லாத தாளுக்குள் வைத்து, அல்மாரியில் புத்தகங்களுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள்.