நியோபியம் யார் பக்கம் போகிறது?

இன்கோனல் 718 என்ற நிக்கல் கலப்புலோகத்தின் சாம்பிளை பாலிஷ் செய்து, காலிங் என்ற அமிலக் கரைசலில் எட்ச் செய்து (மேற்பரப்பை லேசாக அரித்து) மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் என் கண் முதலில் போவது கிரெயின் எல்லைகளுக்குத்தான், அதாவது உலோகத்தின் குட்டிப் படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களுக்கு. அங்கே டெல்டா (உலோகத்துக்குள் தனியாகப் பிரியும் நிக்கல்-நியோபியம் கட்டம்) எவ்வளவு இருக்கிறது, குட்டை ஊசிகளாக விட்டுவிட்டு நிற்கிறதா, வரிசையாகச் சேர்ந்துவிட்டதா? இதைப் பார்த்தாலே அந்தத் துண்டு உலையில் என்ன பாடுபட்டது என்பது பாதி விளங்கிவிடும்.

எல்லாம் நியோபியம் செய்கிற வேலை. 718-இல் அது 5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. காமா டபுள் பிரைம் என்ற இன்னொரு கட்டம், டெல்டா இரண்டுமே மூன்று நிக்கலுக்கு ஒரு நியோபியம் என்ற கணக்கில் உருவாகிறவை. படிக அமைப்புதான் வேறு. முன்னது நானோமீட்டர் அளவுத் தட்டுகளாகப் பரவி வலிமை தருகிறது. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் அது தெரியவே தெரியாது. டெல்டா வலிமை கூட்டாது, ஆனால் அது எடுத்துக்கொண்ட நியோபியம் மற்றதற்குக் கிடைக்காது.

ஏஜிங் (காமா டபுள் பிரைமை முளைக்க வைக்கும் கடைசிச் சூடேற்றல்) பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள்: 720 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம், அப்புறம் மணிக்கு 55 டிகிரி வீதம் 620-க்கு இறக்கி, மொத்தம் 18 மணி நேரம். சரி, அதுவும் முக்கியம்தான். ஆனால் அதற்கு முந்தைய சொல்யூஷன் சூடேற்றலிலேயே (கலந்திருப்பதைக் கரைக்க இன்னும் அதிக வெப்பத்தில் வைப்பது) பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பேன். 980 டிகிரியில் டெல்டா முழுதாகக் கரையாது. மிச்சமிருப்பது எல்லைகளைப் பிடித்து வைத்து, கிரெயின்களைச் சிறிதாகவே நிறுத்தும். களைப்பு வலிமைக்கு அது நல்லது. 1040-க்கு மேல் போனால் டெல்டா கரைந்து, நியோபியம் காமாவுக்கே, அதாவது அடிப்படை நிக்கல் கட்டத்துக்கே, திரும்பிவிடும். ஆனால் தடுக்க ஏதும் இல்லாததால் கிரெயின்கள் பருத்துவிடும்.

டெல்டாவைக் கெட்டது என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். எல்லையில் விட்டுவிட்டு நிற்கும் கொஞ்சம் டெல்டா, அதிவெப்பத்தில் அந்த எல்லை வழியே விரிசல் ஓடுவதை மட்டுப்படுத்தும். தொடர் படலமாகிவிட்டால்தான் ஆபத்து: பக்கத்தில் நியோபியம் வற்றிய பட்டை உருவாகும், அங்கே காமா டபுள் பிரைம் இருக்காது.

3டி பிரிண்ட் செய்த 718-இல் கதை வேறு. உறையும்போதே நியோபியம் டென்ட்ரைட் (உறையும்போது மரம் போல் வளரும் படிகம்) கிளைகளின் இடைவெளியில் ஒதுங்கி, லாவஸ் என்ற நியோபியம் செறிந்த கட்டமாகவும் உட்கார்ந்துவிடும். அதை நேராக 980-இல் வைத்தால், நியோபியம் குவிந்த அந்த இடங்களிலெல்லாம் டெல்டா அடர்ந்து முளைக்கும். அதனால் முதலில் 1100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வைத்து நியோபியத்தைப் பரவவிடுங்கள், ஏஜிங் அதற்குப் பிறகு.