கே.ஆர்.பி. டேம் பூங்கா: ஷட்டர் நிலவரம் பார்த்துக் கிளம்புங்கள்

பெங்களூருப் பக்கம் மழை கொட்டினால் கிருஷ்ணகிரியில் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம்) அணைப் பூங்காவுக்குப் பூட்டு! பிள்ளைகளோடு வந்து வாசலில் நின்று திரும்புகிற குடும்பங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை ஆறு, ஓசூர் கெலவரப்பள்ளி அணையைக் கடந்து இங்கே வருகிறது. அணையின் உயரம் 52 அடி. நிரம்பும் தறுவாயில் வருகிற தண்ணீரை ஷட்டர்கள் (மதகுகள்) வழியே அப்படியே திறந்துவிடுவார்கள். பூங்காவுக்குள் போகும் தரைப்பாலம் தாழ்வானது என்பதால் வெள்ளம் அதன் மேலேயே ஓடும், உள்ளே யாரையும் விடமாட்டார்கள். மழைக்காலத்தில் காலைப் பேப்பரில் நீர்மட்டத்தோடு ‘வெளியேற்றம்’ வினாடிக்கு எத்தனை கன அடி என்பதையும் பாருங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். சாதாரண டவுன் பஸ்ஸிலேயே போங்கள், பெண்களுக்குக் கட்டணமே இல்லை. தர்மபுரி போகும் வெளியூர் பஸ்ஸில் ஏறினால் நெடுஞ்சாலையில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோக்காரர் கேட்கும் காசில் ஒரு கிலோ மீனே வாங்கிவிடலாம்.

மீன்! அதற்காகவே வரலாம். எடை போட்டு, பொரிக்கிற கூலியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லையென்றால் தட்டு வந்த பிறகு கணக்கு ஏறும். சின்ன ஜிலேபி மீன் என்றால் முழுசாக, இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறச் சொல்லுங்கள். கட்லா என்றால் விரல் தடிமனுக்கு மேல் துண்டு வேண்டாம்: மசாலா கருகிவிடும், நடுமுள்ளோரம் வேகாது. எண்ணெய் கறுத்து நுரைத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். அங்கேயே மசாலா தடவி, அங்கேயே பொரித்து, எலுமிச்சை பிழிந்து சுடச்சுடத் தின்கிற ருசிக்கு எந்த ஓட்டலும் ஈடில்லை.

1957-ல் காமராஜர் திறந்துவைத்த அணை இது. இடது, வலது கால்வாய்களில் 9,012 ஏக்கர் பாய்கிறது. 2017 நவம்பர் கடைசியில் முதல் ஷட்டர் உடைந்து, தேக்கிய தண்ணீர் ஆற்றோடு போனது. ஆடிப் பதினெட்டுக்குப் பாருங்கள், காவேரிப்பட்டணம், பர்கூர் என்று சுற்றுப்பட்டு ஜனம் முழுக்கப் புளிசாதத் தூக்கோடு புல்வெளியில் உட்கார்ந்திருக்கும். கூலிவேலைக்குப் போகிற குடும்பமும் கடன் வாங்காமல் ஒரு நாள் கழிக்க இந்த மாவட்டத்தில் வேறு எத்தனை இடம் இருக்கிறது? அப்படிப்பட்ட இடத்துக்கு வெள்ளத்தில் மூழ்காத உயரத்தில் ஒரு நடைபாலம் கட்டக் கூடாதா?