புளிப்பைத் தேடி இஸ்தான்புல்லில்

இஸ்தான்புல்லுக்குப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, மூசா தாதெவிரென் எழுதி 2019இல் வெளிவந்த துருக்கியச் சமையல் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 550 செய்முறைகள் கொண்ட அந்தக் கனத்த புத்தகத்தில் என் கண் நின்ற இடம் இறைச்சியுமில்லை, இனிப்புமில்லை, புளிப்பு. நாம் எதற்கும் புளியையே கரைத்துப் பழகியவர்கள். துருக்கியரிடமோ சுமாக் செடியின் செந்நிறக் கனித்தூள், சுண்டக் காய்ச்சிய மாதுளைச்சாறு, பழுக்காத திராட்சையின் சாறு என்று புளிப்பிலேயே பல வகைகள் புழங்குகின்றன. அவற்றின் வேறுபாட்டை நாக்கால்தான் அறிய முடியும் என்பதால், அரண்மனைகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, சந்தைகளையும் உணவகங்களையும் சுற்றியே பயணத்தை வகுத்துக்கொண்டேன்.

நகரின் ஐரோப்பியக் கரையில், எமினோனு பகுதியில் உள்ள எகிப்துச் சந்தை 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதன் கடை வாடகை அருகிலுள்ள புதிய மசூதியின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று பயணிகளின் கூட்டம் அதிகம். கடைக்காரர் ஒருவர் உள்ளங்கையில் கொட்டிய சுமாக்கை நக்கியபோது முதலில் உப்பும், பிறகே புளிப்பும் தெரிந்தன; அரைக்கும்போது உப்புச் சேர்ப்பது வழக்கமாம். அந்த உற்சாகத்தில் வேறொரு கடையில் மாதுளைச்சாறு என்று நினைத்து ஒரு புட்டியை வாங்கிவிட்டேன். இரவு அறையில் அதன் லேபிளைப் படித்தபோதுதான் ஏமாந்தது புரிந்தது. ‘நார் எக்ஷிசி’ என்றால் மாதுளைச்சாற்றைக் காய்ச்சிக் குறுக்கியது; நான் வாங்கியிருந்த ‘நார் எக்ஷிலி சோஸ்’ பெரும்பாலும் குளுக்கோஸ் பாகு, அதில் மாதுளை பெயருக்குத்தான் இருந்தது. ஓரெழுத்து வேறுபாட்டைக் கவனிக்காதது என் தவறு என்றாலும், கேட்டதை எடுத்துத் தராத கடைக்காரர் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

மறுநாள் படகேறி ஆசியக் கரையிலுள்ள காதிகோய்க்குச் சென்றேன். 1987இல் தாதெவிரென் தொடங்கிய சியா உணவகம் அங்கேதான் இருக்கிறது. துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவில் ஊர் ஊராகத் திரிந்து, மறைந்துகொண்டிருக்கும் சமையல்களைச் சேகரித்தவர் அவர். பாத்திரங்களில் இருப்பதைப் பார்த்து, விரல் நீட்டித்தான் உணவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புளிச்செர்ரிப் பழத்தில் வெந்த ஆட்டிறைச்சி உருண்டைகளில் கொழுப்பின் கனத்தைப் பழம் வெட்டியிருந்தது. இனிப்பு முதலில் வந்து, புளிப்பு நாக்கின் ஓரத்தில் வெகுநேரம் தங்கியது. இறுதியாக வந்த பூசணி இனிப்பு என்னை வியக்கவைத்தது: மேலே கண்ணாடிபோல் நொறுங்கிற்று, உள்ளே குழைந்திருந்தது. சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைத்துப் பிறகு பாகில் வேகவைக்கிறார்கள். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் காயின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பொருளோடு சேர்ந்து மேற்புறத்தை இறுக்கிவிடுகிறது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தெரிந்த நமக்கு இது ஏன் தோன்றவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

திரும்பும் வழியில், அதே தெருவின் சிறு கடையொன்றில், இம்முறை லேபிளை எழுத்தெழுத்தாகப் படித்து, சரியான புட்டியை வாங்கினேன். பழையதை அறையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.