காலை 5.40: ஊதிப் பார்த்த கணக்கு

21 அக்டோபர் 2024

ஆஸ்துமாவுக்காக, ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் கருவியில் அம்மா மூன்று தடவை ஊதியது: 210, 200, 210. அம்மாவின் நல்ல நாள் அளவு 330. அதில் 80 சதவீதம் 264, பாதி 165. 264-க்கு மேல் பச்சை, 165-க்குக் கீழ் சிவப்பு. நாலு நாளாக மஞ்சளிலேயே நிற்கிறது.

பீக் ஃப்ளோ மீட்டரில் தினமும் ஒரே மாதிரி ஊதினால்தான் எண்ணுக்கு அர்த்தம் உண்டு. எழுந்ததும், இன்ஹேலர் அடிக்கும் முன், நின்றுகொண்டு. முள்ளைச் சுழியத்துக்கு இறக்கி, மூச்சை முழுக்க இழுத்து, உதட்டை இறுக்கி மூடி, ஒரே ஊத்தாக ஊத வேண்டும். மூன்று தடவை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுதணும், சராசரியை இல்லை. பல் செட் போடாமல் ஊதினால் ஓரத்தில் காற்று கசிந்து எண் குறையும். துப்புகிற மாதிரி நாக்கால் தள்ளினால் பொய்யாக ஏறும். நேற்று வந்த 280 அப்படி வந்தது, அடித்துவிட்டேன்.

இன்ஹேலர் கவுண்டரில் மீதி 63 அடி.

22 அக்டோபர்

கவுண்டர் 55. நாலு வழக்கம், நாலு கூடுதல்.

24 அக்டோபர்

அலமாரியில் இரண்டு டாக்டர்களின் திட்டமும் சேர்ந்து கிடக்கிறது. பழைய டாக்டர் கொடுத்தது ரோட்டாகேப், பொடியாக இழுக்கும் மருந்து: சால்மெட்ரால், ஃப்ளூட்டிகசோன், காலையும் இரவும். இழுப்பு வந்தால் நீல இன்ஹேலர் (சால்பூட்டமால்). புது நெஞ்சு டாக்டர் கொடுத்தது ஃபோராகார்ட் 200, ஃபார்மோட்ராலும் புடெசனைடும் சேர்ந்த இன்ஹேலர்: காலை இரண்டு, இரவு இரண்டு, இழுப்பு வந்தால் அதிலேயே ஒன்று, எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 12-க்கு மேல் போகக் கூடாது. நீலம் வீட்டில் இருக்கட்டும், ஆபத்துக்கு மட்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரியான சீட்டு. அம்மா இரண்டையும் எடுத்துக்கொண்டிருந்தாள், "ரெண்டும் டாக்டர் குடுத்ததுதானே" என்று. அப்படி எடுத்தால் ஒரே வகை மருந்து இரட்டை அளவில் உள்ளே போகிறது. ஃபார்மோட்ரால் சில நிமிடத்தில் வேலை செய்யும், அதனால் அதை அவசரத்துக்கும் அடிக்கலாம். சால்மெட்ரால் மெதுவாக ஏறும், அவசரத்துக்கு உதவாது. வெளியே இரண்டும் மூச்சு மருந்து என்றுதான் தெரிகிறது.

இன்னொரு சிக்கல் இழுக்கும் விதத்தில். ரோட்டாகேப்பை வேகமாக, பலமாக இழுக்கணும், இல்லாவிட்டால் பொடி அடியிலேயே தங்கும். அடிக்கிற இன்ஹேலரை மெதுவாக இழுக்கணும், வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையில் மோதி அங்கேயே ஒட்டும். ஒரே வாய்க்கு இரண்டு பழக்கம். அம்மா இரண்டையும் வேகமாகத்தான் இழுக்கிறாள்.

ரோட்டாகேப் டப்பாவை மேல் தட்டுக்கு ஏற்றியாச்சு.

27 அக்டோபர்

ஸ்பேசர், அதாவது இன்ஹேலரோடு மாட்டும் பிளாஸ்டிக் குழல், கழுவும் நாள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பு இரண்டு சொட்டு விட்டு அலசி, துடைக்காமல் தானாகக் காயவிடணும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் பிடித்து மருந்தை உள்சுவரே இழுத்துக்கொள்ளும். போன மாதம் பளபளவென்று துடைத்து வைத்தது தவறு.

ஒவ்வொரு தடவையும் குலுக்கி, ஒரே ஒரு அடி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணி விடணும். அரை நிமிடம் கழித்து அடுத்தது. இரண்டைச் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே போகாது. முடிந்ததும் தொண்டை வரை கொப்பளித்துத் துப்பணும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

இரவு கண் சொட்டு விட்டாச்சு.

31 அக்டோபர், தீபாவளி

பட்டாசுக்கு அனுமதி காலை 6-7, இரவு 7-8. இரவு 11-க்கும் ஓயவில்லை. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி. என்-95 முகக்கவசம் புகைத்தூளைத் தடுக்கும், கந்தக வாயுவைத் தடுக்காது. 190.

1 நவம்பர்

அதிகாலை 3.10. 140.

"தண்ணி... எடுத்து... குடு." மூன்று சொல்லுக்கு மூன்று மூச்சு. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை என்பது எந்தக் கருவியையும்விடப் பெரிய அடையாளம். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 94 காட்டியது, அதைப் பார்த்து யாரும் நிம்மதியாகிவிடக் கூடாது. ஆஸ்துமாவில் ஆக்சிஜன் எண் கடைசியில்தான் விழும். விசில் சத்தம் நின்றாலும் நல்லது என்று நினைக்கக் கூடாது, காற்றே போகாவிட்டால் சத்தமும் வராது.

நீலம், ஸ்பேசரில், ஒவ்வொன்றாக நாலு. 108-ஐக் கூப்பிட்டாச்சு. 20 நிமிடம் கழித்து மறுபடி நாலு. வண்டி வந்தது. அவசரப் பிரிவில் சால்பூட்டமாலும் இப்ராட்ரோப்பியமும் சேர்த்து நெபுலைசர், ஆக்சிஜன், ஸ்டீராய்டு ஊசி. வீட்டுக்கு ஸ்டீராய்டு மாத்திரை, ப்ரெட்னிசோலோன் 40 மில்லிகிராம், ஏழு நாள்.

3 நவம்பர்

மாலை 4 மணிக்குச் சுகர் 286. காலை வெறும் வயிற்றில் 118 தான். காலையில் ப்ரெட்னிசோலோன் போட்டால் சுகர் மதியத்திலிருந்து இரவு வரைதான் ஏறும். காலையில் மட்டும் குத்திப் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. சுகர் டாக்டரிடம் போனில் சொல்லி, மதிய மாத்திரையை ஏழு நாளைக்கு மட்டும் மாற்றியாச்சு. அவருக்கு ஸ்டீராய்டு கொடுத்திருப்பதே தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள்?

6 நவம்பர்

இரத்தத்தில் ஈசினோஃபில் (அலர்ஜியில் ஏறும் வெள்ளையணு) 40. லேப் தாளில் சரி என்று குறி போட்டிருக்கிறது. இந்த எண்ணால் பயனில்லை. ப்ரெட்னிசோலோன் ஓடும்போது ஈசினோஃபில் தரைக்கு விழுந்துவிடும். நிறுத்திக் குறைந்தது இரண்டு வாரமாவது போகணும். இதே தாளைப் பார்த்து, அலர்ஜி வகை இல்லை, ஈசினோஃபிலைக் குறைக்கும் ஊசி மருந்துக்குத் தகுதி இல்லை என்று யாராவது முடிவு கட்டினால் கதை அங்கேயே முடிந்துவிடும். தாளின் மேல் சிவப்பு மையில் எழுதி வைத்தது: "ஸ்டீராய்டு ஆறாம் நாள் எடுத்தது."

8 நவம்பர்

270. பச்சை.

11 நவம்பர்

250.

16 நவம்பர்

210. மாத்திரை நின்று ஒன்பது நாளில் பழைய இடத்துக்கே வந்தாச்சு.

ஏன்? அடிக்கும் விதம் இப்போது சரி. கவுண்டர் பொய் சொல்லவில்லை, வேளை தவறவில்லை. தலையணை உறை வாரம் ஒருமுறை வெந்நீரில் போகிறது. கொசுவர்த்தி நிறுத்தி இரண்டு வருஷம். இரவுச் சாப்பாடு 7.30-க்கு, நெஞ்செரிச்சல் இல்லை. மூச்சுக்குழாய் அதிகாலை நாலு மணி வாக்கில் சுருங்குவது எல்லோருக்கும் உள்ளதுதான், ஆனால் இப்போது மாலையிலும் எண் ஏறவில்லை. வெறும் இரவு இழுப்பு என்றால் மாலையில் ஏறியிருக்கணும். ஏதோ ஒன்று இருபத்து நாலு மணி நேரமும் அழுத்திப் பிடித்திருக்கிறது.

இன்னொரு தடவை ப்ரெட்னிசோலோனா? ஆயுளில் நாலைந்து தடவை எடுத்தாலே எலும்பு, கண்புரை, சுகர் என்று கணக்கு ஏற ஆரம்பிக்கும். அம்மாவுக்கு இந்த வருஷம் மட்டும் இது மூன்றாவதாக இருக்கும்.

18 நவம்பர்

நெஞ்சு டாக்டர் சொன்னது: "மாத்திரை மட்டும் இல்லம்மா. சொட்டு, தைலம், நாட்டு மருந்து, பொடி, வாயில, மூக்குல, கண்ணுல போடற எல்லாத்தையும் ஒரே பையில போட்டு எடுத்துட்டு வாங்க."

19 நவம்பர்

பையைச் சாப்பாட்டு மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக ஒரே தாளில் எழுதியது. மருந்தின் பெயர், உள்ளே இருக்கும் சரக்கு, அளவு, யார் கொடுத்தது, எந்தத் தேதியில் தொடங்கியது. பதினொன்றாவது வரி கண் சொட்டு. கட்டைவிரல் உயரப் புட்டி. மேலே பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர், கீழே கண்ணாடி போட்டும் தெரியாத எழுத்தில்: டைமோலால் 0.5 சதவீதம்.

பீட்டா பிளாக்கர். மூச்சுக்குழாயை விரிக்க இன்ஹேலர் எந்தக் கதவைத் தட்டுகிறதோ, அதே கதவை உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் மருந்து. கண்ணில் விடும் ஒரு சொட்டுதானே என்று தோன்றும். கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு சின்னக் குழாய் இருக்கிறது, சொட்டு விட்டதும் தொண்டையில் கசப்பது அதனால்தான். மூக்கின் சவ்வு வழியாக மருந்து நேரே இரத்தத்துக்குப் போகிறது, ஈரலைத் தாண்டி வர வேண்டியதில்லை. மாத்திரையாக விழுங்கினால் ஈரலில் ஒரு பங்கு அழிந்துவிடும், இதில் அதுவும் இல்லை.

தொடங்கிய தேதி 28 செப்டம்பர். பழைய நோட்டில் செப்டம்பர் 20 முதல் 27 வரை: 300, 310, 290, 300, 300, 290, 310, 300. 29-ம் தேதி 270. அக்டோபர் 2, 240. பிறகு இறக்கம்தான். தீபாவளிப் புகை மேல் மூட்டை, அடி மூட்டை இந்தப் புட்டி.

கண் டாக்டரைக் குறை சொல்ல முடியாது. கண் அழுத்தத்துக்கு இது மிகப் பழகிய மருந்து. அங்கே அம்மாவிடம் "ஆஸ்துமா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள், "அதெல்லாம் இல்லீங்க, கொஞ்சம் வீசிங் மட்டும்" என்றிருக்கிறாள். இருபத்தைந்து வருஷமாக அவளுக்கு அது வீசிங். ஆஸ்துமா என்பது அடுத்த வீட்டுக்காரர்களுக்கு வருவது.

தானாக நிறுத்தவும் கூடாது, அழுத்தம் ஏறினால் போன பார்வை திரும்பாது. மாலையே இரண்டு டாக்டருக்கும் போன்.

21 நவம்பர்

சொட்டு மாறியது. லேட்டனோப்ராஸ்ட், இரவில் ஒரே ஒரு சொட்டு. திறக்காத புட்டி ஃப்ரிட்ஜில். திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதணும், ஆறு வாரத்துக்கு மேல் வேண்டாம். விட்டதும் கண்ணின் உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கணும், எந்தச் சொட்டானாலும்.

கண் மருந்துகளில் டைமோலாலை இன்னொன்றோடு கலந்தும் விற்கிறார்கள்: டோர்சோலமைடு கலந்தது, பிரிமோனிடின் கலந்தது. மேல் பெயரைப் பார்த்தால் பிடிபடாது. கீழ்வரியைப் படிக்கணும்.

24 நவம்பர்

250.

30 நவம்பர்

ஃபெஞ்சல் புயல். மதியம் முதல் கரண்ட் இல்லை. நெபுலைசர் மூலையில் சும்மா இருக்கிறது. பயம் வேண்டாம், ஸ்பேசரோடு இன்ஹேலர் முறையாக அடித்தால் நெபுலைசருக்குக் குறைவில்லை, கரண்டும் வேண்டாம். நெபுலைசர் இருக்கிறதென்று வீட்டிலேயே மூன்று நாலு தடவை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இழுத்தடிப்பதுதான் ஆபத்து.

சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. பூஞ்சை.

4 டிசம்பர்

280.

10 டிசம்பர்

270-ல் நின்றுவிட்டது. வாரத்தில் இரண்டு இரவு இன்னும் எழுந்து உட்காருகிறாள். சொட்டுதான் முழுக் காரணம் என்றால் 300 வந்திருக்கணும்.

நெஞ்சு டாக்டர் முதல் தடவையாக "கடும் ஆஸ்துமா" என்றார். அடங்காத ஆஸ்துமா எல்லாம் கடும் ஆஸ்துமா இல்லை. அடிக்கும் விதம் தப்பு, வேளை தப்பு, மூக்கு, வயிறு, வேறு மருந்து, இவை எல்லாம் சரிசெய்த பிறகும், அதிக அளவு மருந்திலும் அடங்காததுதான் அது. இவ்வளவு நாள் கழித்துத்தான் அந்தப் பெயரைச் சொல்ல முடிந்தது, அதற்கு முன் சொல்லியிருந்தால் தப்பு.

ஈசினோஃபில் இப்போது 620. அன்றைக்கு 40! யானைக்கால் புழுவால் வரும் இழுப்பு இந்தப் பக்கம் உண்டு, அதில் 3000-க்கு மேல் போகும், இது அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. மொத்த ஐஜிஇ (அலர்ஜியில் ஏறும் எதிர்ப்புப் புரதம்) 740. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்குத் தனி ஐஜிஇயும் நெஞ்சு சிடி ஸ்கேனும் எடுக்கணும்.

14 டிசம்பர்

மலப் பரிசோதனை, மூன்று நாள் மூன்று மாதிரி. வெறுங்காலில் மண்ணில் நடந்தால் தோல் வழியே ஏறும் புழு ஒன்று உண்டு. ஈசினோஃபில்தான் உடம்பு புழுவோடு மல்லுக்கட்டும் படை. அந்தப் படையைக் குறைக்கும் ஊசி போடும் முன் புழு இல்லை என்று தெரியணும். இருந்தால் முதலில் அதற்கு மருந்து.

18 டிசம்பர்

மார்கழி. 5 மணிக்குக் கோலம் போட்டே ஆகணும் என்கிறாள். குளிர்காற்று ஒரு பக்கம், காய்ந்த கோலமாவின் தூள் இன்னொரு பக்கம். ஊதிப் பார்த்து, காலை மருந்து அடித்து, பத்து நிமிடம் கழித்து, மூக்கு மூடிச் சால்வை கட்டி, ஈரமாவுக் கோலம். அப்படிப் போட்ட நாளில் 280.

22 டிசம்பர்

புது இன்ஹேலர். முதல் இரண்டு அடி காற்றில். 118-லிருந்து கணக்கு.

27 டிசம்பர்

மூக்கு டாக்டர். இரண்டு பக்கமும் பாலிப் (சதை வளர்ச்சி) இல்லை. இருந்திருந்தால் ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் பற்றி வேறு பேச்சு. சிலருக்கு அரை மணியிலேயே மூச்சைப் பிடித்துவிடும். கால் வலி என்று போனால் கேட்காமலே ஊசி போடும் கிளினிக்குகளில் காட்ட மருந்துப் பட்டியல் தாளின் மேல்வரியில் பெரிதாக "ஆஸ்துமா" என்று எழுதியாச்சு. வீசிங் இல்லை.

3 ஜனவரி 2025

சித்தி கொண்டுவந்த பொடி. "மூணே நாள்ல இழுப்பு நிக்கும்." லேபிள் இல்லை, எடை இல்லை, செய்தவர் பெயர் இல்லை. மூன்று நாளில் நிற்கும் என்பதே சந்தேகப்பட வைக்கிறது, அப்படி நிறுத்துவது பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். தூதுவளை ரசம் வேண்டுமானால் தினமும் வைக்கட்டும், சித்தி மனசும் நோகாது.

9 ஜனவரி

புழு இல்லை. சிடியில் குழாய்கள் லேசாகத் தடித்திருக்கின்றன, விரிந்திருக்கவில்லை. எந்த ஊசி என்பது பூஞ்சை ரிசல்ட்டைப் பொறுத்தது. ஒமலிசுமாப் என்றால் எடையும் ஐஜிஇயும் சேர்த்து அட்டவணையில் பார்த்து அளவு, இரண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒருமுறை. மெப்போலிசுமாப் என்றால் பெரியவர்கள் எல்லோருக்கும் 100 மில்லிகிராம், நாலு வாரத்துக்கு ஒருமுறை. எது வந்தாலும் ஃபோராகார்ட் நிற்காது. அம்மா கேட்டது அதை மட்டும்தான்.

13 ஜனவரி, போகி

நாலு மணிக்கே தெருமுனையில் டயர். ஜன்னல் எல்லாம் முந்தின இரவே அடைத்தது. 260. கூடுதல் இரண்டு.

14 ஜனவரி

290. கவுண்டர் 23. இருபத்து மூன்று நாளில் 95: வழக்கம் 92, கூடுதல் 3, அதில் இரண்டு நேற்று. லேப் 17-ம் தேதிதான் திறக்கும்.