மூன்றாம் நாள் தராசு

பிறந்த பிள்ளையை நிறுக்க மிஸ்ஸி (நர்ஸ்) தராசோடு தோட்டத்து வீட்டுக்கு வரும் மூன்றாம் நாள்தான் பல வீடுகளில் கலவரம் தொடங்கும். பிறந்தபோது 3.10 கிலோ, இன்று 2.88. "பால் பத்தலடா, டவுன்ல போயி ஒரு டின் பால் மாவு வாங்கிட்டு வா" என்று பாட்டி மகனை விரட்டுவார். குறைந்திருப்பது 220 கிராம், அதாவது 7 சதவீதம். உடம்பில் இருந்த நீர் வடிகிறது, கறுப்பு மலம் போகிறது, இது இயல்புதான். பிரசவத்தில் தாய்க்கு டிரிப் நிறைய ஏறியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே குறையும். 7ஐத் தாண்டினால் பிள்ளை குடிப்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 10ஐத் தொட்டால், இந்தப் பிள்ளைக்கு 2.79, அன்றே டாக்டர்.

நிறுக்கும்போது பிள்ளைக்குத் துணியோ பெம்பர்ஸோ வேண்டாம். நனைந்த பெம்பர்ஸின் எடையும் கூடச் சேர்ந்துவிடும். ஆஸ்பத்திரித் தராசும் வீட்டுக்கு வரும் தராசும் ஒன்றுபோல் காட்டும் என்றும் நம்ப வேண்டாம்.

தராசு வராத நாளில் பெம்பர்ஸே சொல்லிவிடும். ஐந்தாம் நாளுக்குள் மலம் மஞ்சளாகி, ஒரு நாளில் ஆறு தடவையாவது மூத்திரம் போக வேண்டும். செங்கல் பொடி மாதிரி கறை முதல் இரண்டு நாள் இருந்தால் பரவாயில்லை. நான்காம் நாளும் இருந்தால் உள்ளே போகும் பால் குறைவு.

அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது டின்னை அல்ல, வாயை. காம்பை மட்டும் கவ்வினால் அது அண்ணத்தில் நசுங்கும்: தாய்க்கு வலி, பிள்ளைக்குப் பால் இல்லை. வாய் கொட்டாவி விடுவதுபோல் திறந்த பிறகு பிள்ளையை மார்புக்கு இழுங்கள். மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோனால் குனிந்து குனிந்து முதுகுதான் போகும். தாடை மார்பில் அழுந்தி, கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். முதலில் வேகமாகச் சப்பி, பிறகு நிதானமாக இழுத்து, மெல்லிய 'க்' சத்தத்தோடு விழுங்கும். விட்டதும் காம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் சப்பையாக இருந்தால் பிடி தப்பு. கடைவாயில் சுண்டுவிரலை விட்டு எடுத்து மறுபடி வையுங்கள்.

தூங்கி வழியும் பிள்ளைக்குச் சீம்பாலைக் கையால் பீய்ச்சி ஸ்பூனில் கொடுக்கலாம். காம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து, நெஞ்சை நோக்கி அழுத்தி, சேர்த்து, விடுங்கள். தேய்க்க வேண்டாம். சில சொட்டுதான் வரும். முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூனே நிறைய. குளுகோஸ் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். வயிறு நிறைந்த பிள்ளை மார்பைத் தேடாது, மார்பு காலியாகாவிட்டால் ஊறவும் ஊறாது.

10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும். பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். எட்டு மணி நேரம் மூத்திரமே இல்லை, எழுப்பியும் குடிக்கவில்லை, காமாலையின் மஞ்சள் நிறம் கால்வரை பரவிவிட்டது என்றால் தராசுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெயிலில் காட்டிக் காமாலை குறையும் என்று காத்திருக்க வேண்டாம்.

பால் ஊறத் தாய்க்குச் சுறாப் புட்டு கொடுக்கச் சொல்கிறார்களா? தாராளமாகச் சாப்பிடட்டும், ருசியான சாப்பாடு. ஆனால் பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். நாளுக்கு 8 முதல் 12 தடவை, ராத்திரி இரண்டு மணி உட்பட, பிள்ளை மார்பில் இருக்க வேண்டும்; புட்டு அதற்குப் பிறகுதான்.