பழைய ஏபிஐயை மூட எடுத்துக்கொண்ட இரண்டு ஆண்டுகள்

நான் வேலை செய்த நிறுவனம், பார்சல் கிடங்குகளுக்கும் மருந்து மொத்த வியாபாரிகளுக்கும் சரக்கு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் மென்பொருளைச் செய்து கொடுத்தது. அந்த மென்பொருளோடு வாடிக்கையாளர்களின் பில்லிங் கணினிகள் பேசுவதற்கான ஏபிஐ 2012இல் எழுதப்பட்டது. இரண்டாம் பதிப்பு 2019இல் வந்தது. அதற்குப் பிறகு மூன்றாண்டுக் காலம் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே ஓடின. ஒரு பிழையைத் திருத்தினால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும், ஒன்றில் மறந்துவிடுவோம். முதல் பதிப்பு, பைத்தான் என்ற நிரல் மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2இல் எழுதப்பட்டிருந்தது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தலைவலி. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பாதுகாப்புத் தணிக்கைக்கு வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதையே சுட்டிக்காட்டினார்கள். 2022 கடைசியில் அதை மூடிவிடுவது என்று முடிவாயிற்று. பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, ஆறு மாதம் அவகாசம் கொடுத்து, குறித்த நாளில் மூடிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த "எல்லோரும்" யார் என்று பார்க்கப் போனபோதுதான் சிக்கல் புரிந்தது. யார் எப்போது அழைத்தார்கள் என்ற பதிவான லாக்கை ஒரு மாதத்துக்கு எடுத்துப் பார்த்ததில், விற்பனைப் பிரிவு செயல்விளக்கத்துக்காக உருவாக்கிய ஒரே சாவியை (ஏபிஐக்குள் நுழைவதற்கான கடவுச்சொல் போன்றது) நான்கு வாடிக்கையாளர்கள் உண்மையான வேலைக்கே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். சாவி யார் பெயரில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அழைப்பு எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மாத லாக்கும் போதாது என்பது ஏப்ரலில் தெரிந்தது. ஆண்டு முழுவதும் எட்டிப் பார்க்காத ஒரு வியாபாரியின் கணினி, நிதியாண்டு முடிந்து கையிருப்புக் கணக்கு எடுக்கும் அந்த ஒரு வாரத்தில் மட்டும் பழைய ஏபிஐயை ஆயிரக்கணக்கான முறை அழைத்தது. அன்றிலிருந்து பதின்மூன்று மாத லாக்கை வைத்துக்கொள்வது என்று மாற்றிக்கொண்டோம். ஓராண்டுக்கு மேல் ஒரு மாதம் கூடுதலாக இருந்தால்தான் ஆண்டுக்கொரு முறை வருகிறவர்கள் தப்பாமல் கண்ணில் படுவார்கள்.

அடுத்ததாகச் செய்ததுதான் இந்த வேலையிலேயே உருப்படியானது என்று இன்றும் நினைக்கிறேன். பழைய நிரலை உடனே தூக்கவில்லை. வாடிக்கையாளர்கள் அழைக்கும் பழைய ஏபிஐ முகவரிகளை அப்படியே விட்டுவிட்டு, அவற்றின் பின்னால் ஒரு மெல்லிய மொழிபெயர்ப்பு அடுக்கை வைத்தோம். பழைய வடிவத்தில் வரும் கேள்வியை இரண்டாம் பதிப்பின் வடிவத்துக்கு மாற்றிக் கேட்டு, கிடைக்கும் பதிலைத் திரும்பவும் பழைய வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. வெளியே இருப்பவருக்கு ஒன்றும் மாறியிருக்காது. உள்ளே பைத்தான் 2 போய்விடும். சரியாக மாற்றுகிறோமா என்று பார்க்க, உண்மையான அழைப்புகளைப் பதிவு செய்து, இரண்டு பக்கமும் ஓட்டி, பதில்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம்.

ஒப்பிட்டதில் வந்த வித்தியாசங்களைப் படித்தால், பத்தாண்டுகளில் ஒரு நிரல் எத்தனை ரகசியங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது என்பது தெரியும். பழையது நேரத்தை இந்திய நேரத்திலேயே, எந்த நேர மண்டலம் என்று சொல்லாமல் கொடுத்தது. புதியது உலகப் பொது நேரமான யூடிசியில் கொடுத்தது. மதிப்பு இல்லாத புலத்தை (பதிலில் ஒரு தகவலுக்கான இடத்தை) பழையது வெற்றுச் சரமாக, அதாவது எழுத்தே இல்லாத எழுத்துத் தொடராகக் கொடுத்தது. புதியது அந்தப் புலத்தையே விட்டுவிட்டது. சரக்கு எண் பழையதில் எண்ணாக இருந்தது, புதியதில் சரமாக. இந்த மூன்றாவதுதான் வம்பு பிடித்தது. இணையப் பக்கங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி இரண்டின் 53ஆம் அடுக்கைத் தாண்டிய முழு எண்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது, கடைசி இலக்கங்கள் மாறிவிடும். ட்விட்டர் 2010இல் தன் எண்கள் நீளமானபோது, பழைய எண் புலத்தை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்திலேயே சர வடிவில் இன்னொரு புலத்தைச் சேர்த்தது இதற்காகத்தான். எங்கள் பழைய வாடிக்கையாளர்கள் அப்படிப் புதிதாகச் சேர்க்கும் புலத்தைப் படிக்கப் போவதில்லை என்பதால், நீளமான எண்களுக்குப் பதிலாகக் குட்டி எண்களைக் கொடுக்கும் ஓர் அட்டவணையை அடுக்குக்குள் வைத்துச் சமாளித்தோம்.

ஒரு புலத்தின் பெயரில் எழுத்துப் பிழையும் இருந்தது; "ரிசீவ்டு" என்ற சொல்லில் ஆங்கில எழுத்துகள் இரண்டு இடம் மாறியிருந்தன. எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி அதைக் கண்டதும் திருத்திவிட்டார். பிழையோடு இருப்பதுதான் சரி என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க, இணையத்தில் கணினிகள் பேசிக்கொள்ளும் முறையான ஹெச்டிடிபியில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் "ரெஃபரர்" ஹெடர் (செய்தியின் தலையில் செல்லும் குறிப்பு) 1996இல் வந்த ஆர்எஃப்சி 1945 என்ற இணைய நெறிமுறை ஆவணத்திலேயே ஓர் எழுத்துக் குறைந்து பதிவாகி, உலகம் முழுவதும் இன்றுவரை அந்தப் பிழையோடுதான் ஓடுகிறது என்பதைக் காட்ட வேண்டியிருந்தது.

இவையெல்லாம் ஒப்பீட்டில் சிக்கியவை. சிக்காமல் போன ஒன்று எங்களைச் சந்திக்கு இழுத்தது. ஒரு பார்சல் எந்தெந்த நிலைகளைக் கடந்தது என்ற பட்டியலைப் பழைய ஏபிஐ எப்போதும் கடைசியாக நடந்தது முதலில் என்ற வரிசையில் கொடுத்துவந்தது. அப்படிக் கொடுப்பதாக நாங்கள் எந்த ஆவணத்திலும் சொல்லவில்லை; தரவுத்தளத்தில் வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸ் அப்படி அமைந்திருந்ததால் அப்படி வந்தது, அவ்வளவுதான். வரிசை முக்கியமில்லை என்று நினைத்து, எங்கள் ஒப்பீட்டு நிரல் இரண்டு பட்டியலையும் ஒரே மாதிரி வரிசைப்படுத்திவிட்டுத்தான் ஒப்பிட்டது. மொழிபெயர்ப்பு அடுக்கை இயக்கிய மறுநாள் காலையில் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளரிடமிருந்து போன் வந்தது. "சார், நேற்றே கொடுத்து முடித்த பார்சல் எல்லாம் இன்றைக்குக் காலையில் கிடங்கை விட்டுக் கிளம்புகிறது என்கிறது உங்கள் சிஸ்டம்" என்றார். அவர்களுடைய நிரல் பட்டியலின் முதல் வரியை மட்டும் படித்து, அதையே இன்றைய நிலை என்று திரையில் காட்டிக்கொண்டிருந்தது. எட்டு ஆண்டுகளாக அது சரியாகவும் இருந்தது. பயன்படுத்துகிறவர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், நாம் ஒப்புக்கொண்டது எதுவாக இருந்தாலும், வெளியே தெரிகிற ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார் என்பதைத்தான் கூகுளில் பணிபுரிந்த ஹைரம் ரைட்டின் பெயரால் ஹைரம் விதி என்கிறார்கள். அந்த விதியை அதற்கு முன்பும் படித்திருக்கிறேன். ஆனால் அந்த போனுக்குப் பிறகுதான் ஒப்பீட்டு நிரலிலிருந்து அந்த வரிசைப்படுத்தும் வரியை நீக்கினேன்.

இன்னொரு தவறு முழுக்க முழுக்க என்னுடையது. சில முகவரிகளில் சர்வர் பெயர் மட்டுமே மாறியிருந்தது என்பதால், அவற்றுக்கு அடுக்கு எதற்கு, 301 (இடம் மாறிவிட்டது) என்று பதில் சொல்லிப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடலாம் என்று செய்தேன். 301ஐக் கண்டால் தகவலைப் பதியும் போஸ்ட் அழைப்பைத் தகவலைக் கேட்கும் கெட் அழைப்பாக மாற்றி அனுப்பும் பழக்கம் பல பழைய நிரல் தொகுப்புகளுக்கு உண்டு. ஹெச்டிடிபி தரமும் வரலாற்றுக் காரணத்துக்காக அதை அனுமதிக்கிறது. விளைவாக, "பார்சலைக் கொடுத்துவிட்டேன்" என்று பதிய வந்த அழைப்பு, "பார்சல் எப்படி இருக்கிறது" என்று கேட்கும் அழைப்பாக உருமாறி, 200 என்ற நல்ல பதிலையும் வாங்கிக்கொண்டு போனது. பிழை என்று எங்கும் பதிவாகவில்லை, கொடுத்ததாகவும் பதிவாகவில்லை. அழைப்பு வகையை மாற்றாமல் திருப்பும் 308 இருக்கிறதே என்று தோன்றலாம். அது தரமானதே 2015இல்தான். 2012இல் எழுதிய நிரலுக்கு அது என்னவென்றே தெரியாது. திருப்பிவிடும் யோசனையையே கைவிட்டு, அவற்றையும் அடுக்குக்குள் கொண்டுவந்தோம்.

அறிவிப்பைப் பொறுத்தவரை, இணைய விதிமுறைகளில் சொன்னபடியும் செய்தோம். மூடும் நாளைச் சொல்லும் சன்செட் ஹெடர் 2019இல் ஆர்எஃப்சி 8594ஆக வந்துவிட்டது. அதை ஒவ்வொரு பதிலிலும் சேர்த்தோம். அதன் ஜோடியான, இனி இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லும் டெப்ரிகேஷன் ஹெடர் அப்போது வரைவாகத்தான் இருந்தது. நாங்கள் எல்லாவற்றையும் மூடிய பிறகு, 2025 மார்ச்சில் ஆர்எஃப்சி 9745ஆயிற்று. இந்த ஹெடர்களைக் கவனித்து எங்களை அழைத்தவர்கள் இரண்டே பேர். பொதுவான மின்னஞ்சலுக்கும் ஏறக்குறைய அதே மரியாதைதான் கிடைத்தது. பலன் தந்தது தனித்தனியாக எழுதிய கடிதம்தான்: உங்கள் இன்ன கிளையிலிருந்து, சென்ற மாதம் இத்தனை முறை, இந்த மூன்று முகவரிகளை அழைத்திருக்கிறீர்கள், இவற்றை இப்படி மாற்ற வேண்டும். அதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு அனுப்பாமல், அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்கிறவர் யாரென்று விசாரித்து அவருக்கே அனுப்ப வேண்டியிருந்தது.

அதற்கும் அசையாதவர்களுக்காக, வேண்டுமென்றே கொஞ்ச நேரம் மட்டும் நிறுத்திப் பார்த்தோம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், 2021 ஆகஸ்டில் கிட் என்ற கருவி வழியாகக் கடவுச்சொல் கொடுத்து அணுகுவதை நிறுத்துவதற்கு முன் இப்படித்தான் சில மணிநேரங்கள் நிறுத்திக் காட்டியது. ஆங்கிலத்தில் அதற்கு பிரவுன்அவுட் என்று பெயர், நம் ஊரில் கரண்ட் போவதற்கு முன் லைட் மங்குவதைப் போல. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து, முதலில் ஐந்து நிமிடம் நிறுத்தினோம். ஒருவரும் கவனிக்கவில்லை, திரும்பத் திரும்ப முயலும் நிரல்கள் அதை விழுங்கிவிட்டன. ஒரு மணிநேரம் நிறுத்தியபோதுதான் போன்கள் அடித்தன. இந்தச் சோதனையில் 410 (நிரந்தரமாகப் போய்விட்டது) என்று பதில் சொல்லாமல் 503 (இப்போதைக்குச் சேவை இல்லை) என்று சொன்னதில் எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதம் நடந்தது. 410 என்பதுதான் உண்மை என்று ஒரு தரப்பு. ஆனால் 4இல் தொடங்கும் பதில் வந்தால் ஒரு வாடிக்கையாளரின் நிரல் அந்தத் தகவலையே வரிசையிலிருந்து எறிந்துவிடும், 5இல் தொடங்கினால் வைத்திருந்து மீண்டும் அனுப்பும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. உண்மையைச் சொல்லப் போய் அவருடைய ஒரு மணிநேரப் பதிவுகளைத் தொலைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 410ஐக் கடைசி நாளுக்கென்று வைத்துக்கொண்டோம்.

கடைசியில் ஒரே ஒரு மருந்துக் கிடங்கு மிஞ்சியது. அங்கே கையில் பிடித்து ஸ்கேன் செய்யும் கருவிகளுக்குள்ளேயே பழைய முகவரி பதிக்கப்பட்டிருந்தது. கருவியைச் செய்த நிறுவனம் தொழிலை விட்டே போய்விட்டதால் அதை மாற்ற ஆளில்லை. அவர்களுடைய உள் வலையமைப்பில் அந்தப் பழைய பெயரை அவர்கள் அறையில் இருக்கும் ஒரு சிறிய கணினிக்குத் திருப்பி, எங்கள் மொழிபெயர்ப்பு அடுக்கை அதில் நிறுவிக் கொடுத்தோம். கருவிகள் தேய்ந்து போகும்வரை அதைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டோம். 2025 ஜனவரி கடைசியில் எங்கள் பக்கம் 410 மட்டும் பதில் சொல்லத் தொடங்கியது. எழுத்துப் பிழையுள்ள அந்தப் புலம் அந்தக் கிடங்கின் சிறிய கணினியில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.